முகத்துக்கு விட்ட இடம்

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. காலையிலிருந்து ஒரே தொனியில், அதிபரின் திங்கட்கிழமைப் பேச்சு மாதிரி. பாடசாலை போகவில்லை. சொன்ன காரணம் வயிற்றுவலி. உண்மைக் காரணம் பொருளியல் டெஸ்ட்.

செய்தவை:
– கடைப் பின்னறையில் கராம்புச் சாக்குகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தது. பூஞ்சணம் பிடித்தால் வாப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்கும்.
– சாச்சியின் வெள்ளைச் சாரிகளை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டது. வீடு பாய்மரக் கப்பல் போல் இருக்கிறது. எங்கும் போகாத கப்பல்.
– யாரையும் ஏமாற்றாமல் ஒரு நாளைக் கழித்தது. இதுதான் ஆகக் கஷ்டம்.

சாச்சா, வாப்பாவின் தம்பி, போய்ச் சேர்ந்து ரெண்டு மாதத்துக்கு மேல். டெங்கு. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று உம்மா வட்டிலப்பம் அவித்தார். சாச்சாவும் ரெண்டு கரண்டி சாப்பிட்டார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு வீட்டில் வட்டிலப்பம் கிடையாது. யாரும் தீர்மானம் போடவில்லை. தானாக நின்றுவிட்டது.

சாச்சி, அதாவது அவருடைய மனைவி ரிஸானா டீச்சர், வீட்டின் பின்னறையில் இத்தா இருக்கிறார், விதவைக்கு விதித்த நாலு மாதம் பத்து நாள். வெள்ளை உடுப்பு. வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. சாச்சாவின் சொந்த நானா என்றாலும் வாப்பாவும் அந்தக் கணக்கில் வெளி ஆள்தான். ஆகவே திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வாப்பா, அந்தப் பக்கம் சாச்சி, நடுவில் நான். சம்பளம் இல்லாத தபால்காரி. பிரஷர் குளிசை முடிந்ததா கேள் என்பார் வாப்பா. முடியவில்லை என்று சொல் என்பார் சாச்சி. நடுவில் இருப்பது ஒரு துணி. எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சாச்சாவின் போன் என்னிடம்தான். கல்யாண வீட்டு ஆட்கள் இன்னும் கோல் எடுக்கிறார்கள். வீடியோ நௌஷாத் நானாவா? இல்லை, அவர் மௌத்து. இன்னாலில்லாஹி... அப்ப எங்கட ஆல்பம்?

இன்று எடுத்தது வேறு ஆள். தர்ஷினி அக்கா, கண்டி. வங்கியில் வேலை, ஓய்வு நேரத்தில் பட வட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழ், கேட்க எனக்கு விருப்பம். நவம்பரில் ஒரு சின்ன மண்டபத்தில் 'முடியாத படங்கள்' என்று ஒரு நாள் நடத்துகிறார்களாம். செய்தவர் பாதியில் விட்ட பரீட்சார்த்தப் படங்கள் மட்டும். சாச்சா அவரிடம் தன் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "அண்ணையின்ர படத்தைத் தருவீங்களோ தங்கச்சி? இருக்கிறபடியே போதும்."

பார்க்கிறேன் என்றேன். பரீட்சார்த்தப் படம்: பார்க்கிறவர்களுக்குப் பரீட்சை. பெரும்பாலும் பெயில்.


ஒக். 15, புதன்

மழை, விட்டு விட்டு. டெஸ்ட் நாளைக்குத் தள்ளிப்போனதாம். நேற்றைய வயிற்றுவலி வீண்.

சாச்சாவின் படத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும், மறப்பதற்கு முன்.

சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுப்பார். மாப்பிள்ளை இதயத்துக்குள் தெரிவார், பெண் ரோஜாப்பூவிலிருந்து வருவார், கடைசியில் புறா பறக்கும். அந்தப் புறாவில்தான் சாப்பிட்டோம் என்பார். தன் சொந்தப் படத்தைப் போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், மட்டும் எடுப்பார். கல்யாணம் இல்லை, கடை மூடல், சாச்சிக்கும் பாடசாலை லீவு. ஒரு போயாவுக்கு ஒரு ஷாட். மழை வந்தால் அந்த மாதம் அவ்வளவுதான். இப்படி வருடக்கணக்கில்.

படத்தில் கதை இல்லை. வெள்ளைச் சாரி உடுத்த ஒரு பெண், முதுகுப் பக்கம். எங்கள் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் அந்தக் கல் கோயிலுக்கு முன்னால் நிற்கிறார். பலாபத்வல பஸ் நிலையத்தில் நிற்கிறார், பஸ் வருகிறது, போகிறது, நிற்கிறார். வில்கமுவவில் வயல் வரப்பில், தூரத்தில் ஒரு ட்ரக்டர். நான் உதவி இயக்குநர். பொறுப்புகள்: குடை பிடிப்பது, நாய் துரத்துவது, "என்ன எடுக்கிறீங்க" என்று கேட்கிறவர்களிடம் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பொய் சொல்வது. (வில்கமுவவில் சொன்னது: யானை வேலி விளம்பரம். அந்த மாமா எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார்.)

சாச்சியை நான் பின்னணி நடிகை என்பேன். முன்னணி நடிகைகள் ஊருக்கு ஆயிரம் உண்டு, முதுகை மட்டும் வைத்து நடிக்க எங்கள் சாச்சி ஒருவர்தான்.

ஒவ்வொரு தடவையும் கமராவைப் போட்டுவிட்டு சாச்சா சொல்வது ஒன்றே: "நான் கூப்பிடும் வரைக்கும் திரும்பாத." பிறகு கூப்பிடவே மாட்டார். போதும் என்பார், வீட்டுக்கு வருவோம். கடைசி ஷாட்டில்தான் கூப்பிடுவாராம். அப்போதுதான் முகம்.

ஒரு முறை நாலந்தாவில் நான் கூப்பிட்டேன். அவர் குரல் எனக்கு நன்றாக வரும். கிணற்றடியிலிருந்து "ரிஸானா" என்றால் சாச்சி தேத்தண்ணியோடு வந்து நிற்பார், நான் வாங்கிக் குடிப்பேன். அன்றும் சாச்சி திரும்பிவிட்டார். அந்தப் போயா நாசம். சாச்சா ஏசவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு அந்தத் துண்டை அழித்துவிட்டார். முகம் வந்திருந்ததே, வைத்துக்கொள்ளலாமே என்றேன். "அது உன்ட குரலுக்குத் திரும்பின முகம்டி" என்றார்.

கடைசி ஷாட் எடுக்கவேண்டிய போயாவில் அவர் ஆஸ்பத்திரியில்.


ஒக். 17, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்து, பிடிக்காமல் போய்விட்டது.

பெரிய மாமி வந்தார். வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. வந்தால் முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார், பிறகுதான் ஸலாம். (இனி பெ.மா.)

சாச்சியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, சாரி விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு மண் கறை, எத்தனை தரம் தோய்த்தும் போகாதது. நாலந்தா மண். பெ.மா.வுக்கு விளங்கிவிட்டது. இத்தாவுக்குப் புதிதாக வெள்ளை வாங்கவே இல்லை, படத்துக்கு உடுத்த அதே சாரிகள்தான் என்று.

"புருசன் உசிரோட ஈக்கக்குள்ள வெள்ள உடுத்தித் திரிஞ்சா இதான் நடக்கும். நான் அப்பவே நௌஷாதுக்குச் சொன்னேன்."

உம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சாச்சி சாரி விளிம்பை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"அவருக்குக் கடிச்சது கொசு, மதினி. சாரி கடிக்கல்ல."

பெ.மா. தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் போன பிறகு சாச்சி அந்தக் கறையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளுக்குள் கணக்குப் பார்க்கிறாரோ. கணக்கு டீச்சர் வேறு.


ஒக். 19, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பகல், லுஹர் தொழுகைக்குப் பிறகு, நல்ல மழை. சாச்சாவின் வேலை அறையில் லெப்டொப்பைத் திறந்தேன், கண்டிக்கு அனுப்பப் படத்தை எடுக்க. இதுவரை துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன், கோர்த்து வைத்ததைப் பார்த்ததில்லை. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் படச் சத்தம் கேட்கவில்லை. முழுதாகக் கூட்டினேன். காற்று, தவளை, பலாபத்வல பஸ் கொண்டக்டரின் "ஹரி ஹரி யமு", சரி சரி போவோம். நாற்பது நிமிடம் ஒரு முதுகு. அலுக்கவில்லை, அது என்ன மாயமோ. இப்போது திரும்புவார், இப்போது திரும்புவார் என்று பார்க்க வைக்கிறது.

கடைசி ஷாட் முடிந்தது. படம் முடியவில்லை. கறுப்பு ஓடியது. கீழே ஷாட்டுகளைக் கோர்த்த வரிசையில் பார்த்தால் ஒரு வெற்றுத் துண்டு, அதற்கு அவர் வைத்த பெயர்: முகம். எடுக்காத ஷாட்டுக்கு அளந்து இடம் விட்டு வைத்திருக்கிறார். பஸ்ஸில் சீட் பிடிக்கத் துண்டு போட்ட மாதிரி. நான் சிரித்தேன்.

அந்தக் கறுப்புக்குள்ளிருந்து சாச்சா கூப்பிட்டார்.

"ரிஸானா."

அளவு பார்க்கத் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான். நிறுத்தப் பொத்தானைத் தேடினேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் சாச்சி, "ஆ, இந்தா வாறேன்."

மிகச் சாதாரணமாக. வேலையாக இருக்கும்போது சொல்வது போல. பிறகு ஒரு கோப்பை விழுந்த சத்தம். பிறகு மழை மட்டும்.

வாப்பா கடைப்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. முகம் சாம்பல். அறையில் நான் மட்டும், வாயைத் திறந்தபடி. லெப்டொப்பில் கறுப்பு. அவருக்கு வேறு என்ன தோன்றும்?

அடி. இதுவரை அடித்ததில்லை.

"மௌத்தான மனுசன்ட குரல்ல வெளாடுறியா நீ?"

அது நான் இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. இனி இதைத் தொடாதே என்று லெப்டொப்பைக் கையோடு எடுத்துக் கொண்டுபோய்க் கடைப் பின்னறையில் சாக்குகளுக்கு மேல் வைத்துப் பூட்டினார். அதற்கு முன் போட்டுக்காட்டியிருக்கலாம். ஆனால் போட்டால் சாச்சிக்கு மறுபடியும் கேட்கும்.


ஒக். 20, திங்கள்

தீபாவளி லீவு. எதிர்வீட்டில் பட்டாசு. இங்கே சத்தமே இல்லை.

என்னோடு பேசாதவர்கள்: வாப்பா, உம்மா (பாதி), பெ.மா. (போனில் விஷயம் போய்விட்டது, எப்படிப் போகாமல் இருக்கும்).

சாச்சிக்குத் தலை வாரிவிடுவது என் வேலை. வாரும்போது கேட்டார், திரும்பாமலே.

"நேத்து அது நீயா?"

இல்லை என்றால் உண்மை. உண்மையைச் சொன்னால் அப்போது குரல் எங்கே என்று கேட்பார், போடு என்பார். போட்டால் என்ன ஆகும்? ஒரு சொல்லுக்கே கோப்பை விழுந்தது. என் வாய், வழக்கம் போல, என்னைக் கேட்காமல் முடிவெடுத்தது.

"நான்தான், சாச்சி."

செய்யாத குறும்புக்குச் சொந்தம் கொண்டாடியது இதுதான் முதல் முறை. வழக்கமாக எதிர்த்திசையில்தான் பொய் சொல்வேன்.

சாச்சி மடியில் விழுந்த முடியை விரலில் சுற்றினார். பிறகு, "நல்லாப் பழகிட்ட. முந்தியெல்லாம் இப்படி வராது."

சீப்பைக் கீழே போட்டேன். எடுக்கக் குனிந்து அப்படியே இருந்தேன், நிமிர்ந்தால் முகம் தெரியும்.


ஒக். 24, வெள்ளி

தர்ஷினி அக்கா வந்தார். கண்டி பஸ்ஸில், நனைந்த குடையோடு, ஒரு கேக் பெட்டியோடு. பெண் என்றபடியால் நேரே பின்னறைக்கு.

நல்ல ஆள். சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார், கண் மின்னியது. முடிந்த படம் பூட்டின வீடாம். முடியாத படத்தில் கதவு திறந்தே கிடக்குமாம், பார்க்கிற ஒவ்வொருவரும் உள்ளே போகலாமாம். யாராவது முடித்து வைக்கிறோம் என்று வந்தால் விடாதேங்கோ என்றார். "முடியாமல் இருக்கிறதுதான் அதின்ர வடிவு."

சாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார், பின் வரிசை மாணவி சொல்வதைக் கேட்பது போல.

"அவருக்கு முடிக்க ஆசை ஈந்திச்சி, மகள். முடிக்க ஏலாமப் போச்சி. அது வேற, இது வேற."

தர்ஷினி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றார். சாச்சி கேக்கை வெட்டி முதல் துண்டை அவருக்குக் கொடுத்தார். சமாதானம்.

பிறகு என்னிடம் கேட்டார், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் படத்துல கடைசில என்னா ஈக்குது?"

"கறுப்பு."

"வெறும் கறுப்பா?"

நான் கேக் பெட்டியை மூடினேன். சாச்சியும் மேற்கொண்டு கேட்கவில்லை. கணக்கு டீச்சர்கள் அப்படித்தான், பிழையைக் காட்டமாட்டார்கள், நீயே திருத்தும் வரை நிற்பார்கள்.

தர்ஷினி அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வரும்போது உம்மா சொன்னது: பலாபத்வலயில் ஒரு வீடியோக்காரப் பொடியன் லெப்டொப்பைக் கேட்கிறானாம். வாப்பா சரி என்றுவிட்டாராம். போயா அன்றைக்கு வந்து எடுப்பான். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துத்தான் எடுப்பானாம், அவனுக்குக் கல்யாண வீடியோவுக்கு இடம் வேண்டுமே.

வேறு பிரதி இல்லை. சாச்சா பென் டிரைவை நம்பமாட்டார், தொலையும் என்பார்.


ஒக். 26, ஞாயிறு

மழை. தபால் வேலையில் ஒரு மோசடி யோசித்தேன். திரைச்சீலைக்கு வெளியே வந்து "சாச்சி லெப்டொப்பக் கேக்குறாங்க" என்று ஒரே ஒரு பொய்த் தபால். வாப்பா மறுக்கமாட்டார். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. என்னைப் பற்றி இந்த வீட்டில் இருக்கிற பெயருக்கு இன்னொன்று தாங்காது.


ஒக். 28, செவ்வாய்

பாடசாலை விட்டு வரும் வழியில் கடைக்கு வரச்சொல்லி வாப்பா ஆள் அனுப்பியிருந்தார். அடிதான் என்று நினைத்துப் புத்தகப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஆள் இல்லை. பின்னறைக்கு வா என்றார். கராம்பு வாசம், கண் எரியும் அளவுக்கு. ஒரு சாக்கின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். நன்றாகத்தான் கட்டியிருந்தது.

"ஒருக்கா செய்."

"என்னத்த, வாப்பா?"

"அவன மாதிரி. அன்டைக்கி செஞ்சியே, அது."

என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடித்த அதே மனிதன். அவருக்குக் கேட்க வேண்டுமாம்.

செய்தேன். ரிஸானா. தடிமன் பிடித்து மூக்கடைத்த பிள்ளை கூப்பிடுவது போல வந்தது. தொண்டையைச் செருமி இன்னொரு தரம். அதைவிட மோசம். எத்தனை வருடம் செய்த குரல்! மூன்றாம் தரம் அழுகைதான் வந்தது. அதுவும் என் குரலில்.

வாப்பா கயிற்றை விட்டுவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. வெளியே யாரோ மிளகு விலை கேட்டுக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

"அதுக்குள்ள ஈக்கிறானா?" என்று லெப்டொப்பைக் காட்டினார்.

"ஒரே ஒரு சொல்லு."

போட்டுக்காட்டு என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எடுத்துத் தன் துவாயில் சுற்றி, கராம்புத் தூசு உள்ளே போகாமல், என் கையில் வைத்தார். நான் வெளியே வரும்போது பலாபத்வல பொடியனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். விற்கிறதுக்கு இல்லை, தம்பி, இல்லை, விலை இல்ல பிரச்சினை.

அடித்த கன்னத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் தன் மீன் துண்டை என் பீங்கானில் வைத்தார். மன்னிப்பு, பாரை மீன் வடிவில்.


நவம்பர் 2, ஞாயிறு

லெப்டொப் என் கட்டிலுக்குக் கீழே. தொடவில்லை.

தர்ஷினி அக்காவிடமிருந்து செய்தி: சனிக்கிழமை காட்டுகிறோம், வியாழனுக்கு முன் கிடைத்தால் நல்லது. ஓமா, இல்லையா என்று நான் பதில் போடவில்லை. வட்ஸ்அப்பில் ரெண்டு நீலக் கோடு போட்டுவிட்டு ஒளிந்துகொண்டேன்.

படத்தை நானே முடித்துவிடலாமோ என்றும் ஒரு யோசனை. சாச்சி வெள்ளையில்தான் இருக்கிறார், சாரிகூட அதேதான், உடுப்புக் கண்டினியூட்டிக்கு இதைவிட யாரால் முடியும் என்று நினைத்தேன். இப்படி வருகிற நகைச்சுவையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது.

இன்னொன்று. படம் முடியாமல் கிடக்கும் வரை சாச்சாவுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முடித்துவிட்டால் அவருக்கு ஒன்றும் பாக்கி இல்லை. ஏன் என்று தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.


நவ. 5, புதன், போயா

மழை இல்லை. வெளிறின வெயில். பௌத்தப் பன்சலையிலிருந்து ஒலிபெருக்கியில் பிரித் ஓதல். கடை மூடல். வாப்பா வெளித்திண்ணையில் கதிரை போட்டு ஒரே பத்திரிகையைப் பிரித்துப் பிரித்து மடித்தார்.

சாச்சி அஸர் தொழுதுவிட்டு, முசல்லாவை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "இன்டைக்கிப் போயாதானே. அத எடுத்துட்டு வா."

எதை என்று நடித்துப் பார்த்தேன். பயன் இல்லை.

"நீ கூப்பிட்டா நீட்டிக் கூப்பிடுவ, நாடகம் போல. அவர் கூப்பிடுறது அப்படி இல்ல. நான் வருவேன் என்டு தெரிஞ்ச மனுசன் கூப்பிடுறது அது. எனக்கா தெரியாது?"

அப்படியென்றால் ஏன் இத்தனை நாள்? கேட்டேன். இன்றைக்குத்தான் போயா என்றார்.

படம் முழுதும் பார்க்கிறீர்களா என்றேன். என் முதுகை நான் எதற்குப் பார்க்க என்றார். கடைசி மட்டும்.

லெப்டொப்பை மேசையில் வைத்தேன். சாச்சி அதன் முன்னால் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்த்தபடி, எனக்கும் லெப்டொப்புக்கும் முதுகைக் காட்டி நின்றார். கையைத் தொங்கவிட்டு, தோளைத் தளர்த்தி. எத்தனை போயாவில் அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். சாரி விளிம்பில் நாலந்தா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் என்ன செய்யப்போகிறார் என்று.

போன் என் மடியில். வீடியோ எடுக்கத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. கை போகவில்லை. இத்தாவில் இருக்கிற முகம் கண்டியில் யார் யாருக்கோ எதற்கு என்றும் தோன்றியது, ஆனால் அது பிறகு தோன்றியது. முதலில் கைதான் போகவில்லை.

கறுப்பு ஓடியது. பிரித் சத்தம், ஒரு காகம். பிறகு அவர் குரல்.

சாச்சி திரும்பினார்.

அழுவார் என்று நினைத்திருந்தேன். இல்லை. எரிச்சல்! இவ்வளவு நேரம் நிக்க வச்சிட்டு இப்பவா கூப்பிடுற என்கிற எரிச்சல். சோறு ஆறுது என்று பல தரம் சொல்லியும் வராத மனிதனைப் பார்க்கிற முகம். வாய் ஏதோ ஏசப் பிரிந்தது. ஏச ஆள் இல்லை என்று வாய்க்குத் தெரிய ஒரு நொடி பிடித்தது. அந்த நொடியில் சாச்சிக்கு மிச்சமாக இருந்ததெல்லாம் முகத்திலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தேன். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். கடைசி ஷாட். பார்த்தது நான் ஒருத்தி.

நிறைய நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தக் கண்டிப் புள்ளைக்கு அனுப்பு. கறுப்பு இருக்கட்டும். அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடு. அது படத்துக்குக் கூப்பிட்டது இல்ல, எனக்குக் கூப்பிட்டது."

எடுத்தேன். அந்த ஒரு சொல்லை வெட்டிச் சாச்சியின் போனில் போட்டுக்கொடுத்தேன். ரிங்டோனா வைக்கவா என்று ஒரு பகிடி நாக்கு நுனி வரை வந்து, திரும்பிப் போய்விட்டது. நாக்குக்கும் அறிவு வருகிறது.


நவ. 8, சனி

கண்டி. உம்மாவும் நானும். பஸ்ஸில் ஜன்னல் சீட், உம்மாவுக்கு வாந்தி, எனக்கு பிளாஸ்டிக் பை பிடிக்கிற உத்தியோகம்.

மண்டபம் சின்னது. பிளாஸ்டிக் கதிரைகள், பாதி காலி. தாடிகள், துணிப்பைகள். சாச்சாவின் படம் கடைசி. நாலந்தா வந்தது, பலாபத்வல வந்தது. யாரும் இருமவில்லை. உம்மா படம் பார்ப்பது முதல் தரம். என் காதில், "எப்ப திரும்புவா?"

பிறகு கறுப்பு. சத்தம் இல்லாமல். எனக்குப் பின்னால் ஒருவர் சிங்களத்தில் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார், யாரோ உஷ் என்றார்கள். நான் மட்டும் அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது, இப்போது, இந்த இடம். தொண்டை தானாகத் திறந்தது. இந்த இருட்டில் ஒரு சொல் விட்டால் மண்டபமே குதிக்கும். என் வாழ்க்கையின் ஆகப் பெரிய குறும்பாக இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். இடம் கடந்து போனது.

பிறகு பேச்சு. ஒரு தாடி, அந்தக் கறுப்புதான் இயக்குநரின் ஆகத் துணிச்சலான முடிவு என்றார். இன்னொருவர், முகத்தைத் தராமல் மறுப்பது ஓர் அரசியல் என்றார். தர்ஷினி அக்கா என்னைப் பார்த்தார், ஏதும் சொல்கிறாயா என்பது போல. அவர் கண்ணில் அன்றைய கேக்குத் துண்டு தெரிந்தது. நான் எழும்பி, சாச்சாவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

வரும்போது மழை. மாத்தளை வந்து சேர மஃரிப் நேரம், இருட்டிவிட்டது. உம்மா நேரே குளிக்கப் போய்விட்டார். சாச்சிக்கு வாங்கிய அல்வாப் பெட்டியோடு பின்னறைக்குப் போனேன். எப்படி இருந்தது என்று கேட்பார், தாடிகளைச் செய்துகாட்டலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

நடையில் வாப்பா. கடைச் சாவி கையில். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், அசையாமல்.

உள்ளே சாச்சா கூப்பிட்டார்.

"இந்தா வாறேன்" என்றார் சாச்சி. தாழ்வாக, வேலையாக இருக்கும் குரலில்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். கொண்டு போகத் தபால் ஒன்றும் இல்லை. அல்வாப் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், சரசரக்காமல்.

உள்ளே மறுபடியும் அந்த ஒரு சொல்.